காபி பைட் பிடிக்கும்னு பாரி ஷேர் வாங்கலாமா?

மஞ்சக்குப்பத்துல இருந்து பண்ருட்டி ரோட்டுல போனா வர்ற ஊர் நெல்லிக்குப்பம். பாரி கம்பெனி 1842-ல சக்கரை ஆலை ஆரம்பிச்ச ஊர். அதே ஊர்லதான் பாரிஸ் மிட்டாயும் பிறந்துச்சு. "இது காபியா, டாஃபியா?"ன்னு விளம்பரத்துல சண்டை போடுவாங்களே, அந்த காபி பைட், லாக்டோ கிங் எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

போன வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "ப்ரோ, தெரிஞ்ச பிராண்ட், ஈஐடி பாரி ஷேர் வாங்கலாமா?"

ஒரு நிமிஷம். அந்த ஷேர்ல மிட்டாயே கிடையாது! 2004-லயே மிட்டாய் பிசினஸை கொரியாவோட லோட்டே வாங்கிடுச்சு. நீங்க காபி பைட்டுக்குக் கொடுக்கிற காசு லோட்டேவுக்குத்தான் போகுது.

நெதர்லாந்துல வேஸ்ப்னு ஒரு சின்ன ஊர். 1850-ல வான் ஹூட்டன் தன் கோகோ ஃபேக்டரியை அங்க கொண்டு போனாங்க. ஃபேக்டரி எப்பவோ மூடியாச்சு, ஆனா வான் ஹூட்டன்ங்கிற பேர் இன்னும் கடைகள்ல விக்குது. பிராண்டுக்கு ஊர் தேவையில்ல, ஓனர் இருந்தா போதும்.

சரி, பாரி கையில மிச்சம் என்ன? முதல்ல சக்கரை. கரும்புக்கு விவசாயிக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச விலையை மத்திய அரசு சொல்லும். ஆலை விக்கிற சக்கரைக்கும் 2018-ல கிலோவுக்கு 29 ரூபாய், 2019-ல 31 ரூபாய்னு குறைந்தபட்ச விலை அரசுதான் வச்சது. வாங்குற இடத்துலயும் விக்கிற இடத்துலயும் அரசு உக்காந்திருக்கு. மழை பொய்ச்சா கரும்பும் குறையும். டாஃபி மாதிரி நம்ம இஷ்டத்துக்கு விலை ஏத்த முடியாது.

ரெண்டாவதுதான் முக்கியம். உரம் விக்கிற கோரமண்டல் இன்டர்நேஷனல்ல பாதிக்கு மேல பங்கு ஈஐடி பாரிகிட்ட இருக்கு. அதனால கன்சாலிடேட்டட் கணக்கைப் பார்த்தா லாபம் பிரமாதமா தெரியும். ஸ்டாண்டலோன் கணக்கைத் திறந்தா கதையே வேற! சக்கரை ஷேர்னு நினைச்சு வாங்குறவர் பெரும்பாலும் உரக் கம்பெனியைத்தான் மறைமுகமா வாங்குறார். அது தப்பில்ல, தெரிஞ்சு வாங்கணும். இந்த மாதிரி தாய்க் கம்பெனிகளுக்கு மார்க்கெட் பொதுவா கொஞ்சம் தள்ளுபடி விலைதான் கொடுக்கும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

வாங்கு, வித்துடுன்னு நான் சொல்லல. ஆண்டறிக்கையில 'செக்மென்ட்' பக்கத்தைத் திறந்து, எந்தத் தொழில்ல எவ்வளவு லாபம்னு பாருங்க. பத்து நிமிஷ வேலைதான்.