உப்புக் காத்துல சப்வே டைல்ஸ் நிக்குமா?

போன எபிசோட் வந்ததும் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவர் சென்னையில ஐடி வேலை பாக்குறார். சொந்த ஊர் பொன்னேரி தாண்டி பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு மீனவர் குப்பம். அப்பா அம்மாவுக்கு வீட்டைப் புதுப்பிக்கிறார். "ப்ரோ, கிச்சன்ல வெள்ளை சப்வே டைல்ஸ் போடலாம்னு ஆசை. மேஸ்திரி 'நம்ம ஊருக்கு அது தாங்காது தம்பி'ங்கிறார். யார் சொல்றது சரி?"

நல்ல கேள்வி. ஏன்னா இதுல அழகு மட்டும் இல்ல. ஒரு தடவை ஒட்டிட்டா, தப்பாப் போச்சுன்னா உடைச்சுத்தான் எடுக்கணும். செலவு ரெண்டு மடங்கு. அதனால இன்னிக்கு இதையே எடுத்துக்குவோம்.

பேர் எங்கிருந்து வந்தது?

1904 அக்டோபர் 27. நியூயார்க்ல பூமிக்கு அடியில ரயில் ஓட ஆரம்பிச்ச நாள். ஸ்டேஷன்களை வடிவமைச்சவங்க ஹைன்ஸ், லஃபார்ஜ்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்கள். அவங்களுக்கு ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, பூமிக்கடியில வெளிச்சம் கம்மி. ரெண்டு, ஜனங்க ஏற்கெனவே கிருமிகளை நினைச்சு பயந்துட்டிருந்த காலம். "குகைக்குள்ள போறோம்"ங்கிற எண்ணமே வரக்கூடாது. அதுக்கு அவங்க எடுத்தது 3க்கு 6 இஞ்ச் வெள்ளை டைல்ஸ், மேல பளபளன்னு கிளேஸ். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், தண்ணி ஊத்தித் துடைச்சா அழுக்கு போயிடும். செங்கல் கட்டுற மாதிரி, ஒரு வரிசையோட மூட்டு அடுத்த வரிசையோட நடுவுல வரும்.

ஆக, இது ஃபேஷனுக்காகப் பிறந்தது இல்ல. கழுவுறதுக்காகப் பிறந்தது. மீன் அலசுற, மஞ்சளும் மிளகாய்த்தூளும் எண்ணெயோட தெறிக்கிற நம்ம கிச்சனுக்கு அது பொருந்தாதுன்னு யாரும் சொல்ல முடியாது. அப்போ மேஸ்திரி எதைப் பாத்து பயப்படுறார்?

பிரச்சினை டைல்ஸ்ல இல்ல, மூட்டுல

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மேடைக்கு மேல 10 அடி நீளம், 2 அடி உயரம்னு வெச்சுக்கங்க. 20 சதுர அடி.

சப்வே டைல்ஸ் ஒரு சதுர அடிக்கு 8 வரும். மொத்தம் 160. ஒவ்வொரு டைலையும் சுத்தி ஓடுற மூட்டைக் கூட்டினா, சதுர அடிக்கு 6 அடி. மொத்தம் 120 அடி நீளத்துக்கு மூட்டு. அதே சுவத்துல நாம வழக்கமாப் போடுற 12க்கு 18 இஞ்ச் டைல்ஸ் போட்டா, கிட்டத்தட்ட 33 அடிதான் மூட்டு. மூணரை மடங்குக்கு மேல வித்தியாசம்.

கிளேஸ் அப்படிங்கிறது கண்ணாடி மாதிரி. அது எதையும் உறிஞ்சாது. ஆனா மூட்டுல அடைக்கிற ஒயிட் சிமெண்ட் பஞ்சு மாதிரி. எண்ணெய், மஞ்சள், ஈரம் எல்லாத்தையும் இழுக்கும். ரெண்டு வருஷத்துல வெள்ளைக் கோடு மஞ்சளாகி, அப்புறம் கறுப்பாகும். இன்ஸ்டாவுல பாக்குற போட்டோ எல்லாம் டைல்ஸ் போட்ட மறுநாள் எடுத்தது. அதை மறந்துடாதீங்க.

ஏரிக்கரையில கூடுதலா ஒரு எதிரி

பழவேற்காடு இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. காத்துல உப்பு, நிலத்தடித் தண்ணியில உப்பு. குப்பத்துல பெரும்பாலும் குடிக்க ஒரு தண்ணி, புழங்க ஒரு தண்ணி. வீடு கட்டும்போது கலவைக்குப் போறது அந்தப் புழங்குற தண்ணிதான்.

அங்கதான் சிக்கல். கலவைக்குள்ள உப்பு போயிடுது. சுவர் காயும்போது தண்ணி ஆவியாகி வெளிய வரும், உப்பு வர முடியாது, அது படிகமாயிடும். படிகம் வளர இடம் வேணுமில்ல? சுத்தியிருக்கிற பூச்சை நெம்பித் தள்ளும். இதைத்தான் "செவுரு உப்பு பூத்திருக்கு"ன்னு சொல்றோம். வெறும் சுவர்னா மேல வெள்ளையாப் பூத்து உதிரும், உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும். கிளேஸ் போட்ட டைல்ஸ் மூடியிருந்தா ஈரத்துக்கு வெளிய வர ஒரே வழி அந்த மூட்டு. மீதி உப்பு டைல்ஸுக்குப் பின்னாடியே சேரும். ஒருநாள் விரலால தட்டினா "டொக் டொக்"னு காலியாச் சத்தம் வரும். அப்புறம் விழும்.

இது தோராயமான பேச்சு இல்ல. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456, கலக்குற தண்ணிக்கே வரம்பு வெச்சிருக்கு: கம்பி போட்ட கான்கிரீட்னா லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும்தான். கம்பி துருப்பிடிக்கும்ங்கிறதுதான் அங்க பயம்.

இந்தக் கரைக்கு வெள்ளைச் சுவர் புதுசில்ல

ஒரு சுவாரஸ்யமான விஷயம். பழவேற்காட்டுல டச்சுக்காரங்க 1613ல கெல்ட்ரியா கோட்டை கட்டினாங்க. அதெல்லாம் சிமெண்ட் வர்றதுக்கு முந்தின காலம். இந்தக் கரையில சுண்ணாம்பு வந்தது கிளிஞ்சல்ல இருந்து. கிளிஞ்சலைச் சூளையில சுட்டு, தண்ணி தெளிச்சு நீத்தி எடுப்பாங்க. அந்தச் சுண்ணாம்பை மெலிசா அரைச்சுப் பூசி, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தினா சலவைக்கல் மாதிரி மின்னும். பழைய மெட்ராஸ் பங்களாக்கள் அந்தப் பளபளப்புக்குப் பேர்போனது. வந்த வெள்ளைக்காரங்க எல்லாம் அதைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க.

வெள்ளை, மினுமினுப்பு, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. சப்வே டைல்ஸ் கிட்ட நாம கேக்குற அதே மூணு குணம். ஒரு பெரிய வித்தியாசம்: சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரம் உள்ள மாட்டிக்காம மெதுவா வெளிய போயிடும். டைல்ஸ் அப்படி விடாது. அதனால எந்தச் சுவத்துல போடுறோம், எப்படிப் போடுறோம்ங்கிறதுதான் எல்லாமே.

அப்போ என்ன பண்ணலாம்?

ஒண்ணு: முதல்ல சுவரைச் சோதிங்க. ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் ஷீட்டை, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவத்துல ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வியர்த்திருந்தா சுவருக்குள்ள ஈரம் இருக்கு. ஈரத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணாம டைல்ஸ் வாங்காதீங்க.

ரெண்டு: உப்பு பூத்த பூச்சு மேல ஒட்டாதீங்க. உதிர்ற பூச்சைக் கொத்தி எடுத்துட்டு, நல்ல தண்ணியில கலந்து புதுசாப் பூசி, நல்லாக் காய விடுங்க.

மூணு: டைல்ஸ் அட்ஹெசிவ் பயன்படுத்துங்க. பழைய முறையில டைல்ஸை வாளித் தண்ணியில ஊறப்போட்டு, பின்னாடி கலவையை அப்பி ஒட்டுவாங்க. அந்த வாளித் தண்ணி உப்புத் தண்ணின்னா, உப்பை நாமளே உள்ள ஏத்துறோம். அட்ஹெசிவுக்கு ஊறப்போட வேண்டியதில்ல. 20 சதுர அடிக்கு 20 கிலோ மூட்டை ஒண்ணு போதும், கலக்க அஞ்சு லிட்டர் தண்ணி. அதாவது ஒரு வாட்டர் கேன்ல கால் பங்கு. இதுல மிச்சம் பிடிக்காதீங்க. பல்லு வெச்ச கரண்டியால சீராத் தடவச் சொல்லுங்க, நாலு மூலையிலயும் அப்பி நடுவுல காலியா விட வேண்டாம்.

நாலு: மூட்டுக்கு எபாக்ஸி கிரவுட். விலை கூடத்தான், ஆனா எண்ணெயும் மஞ்சளும் உள்ள இறங்காது. சீக்கிரம் இறுகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து, அடைச்ச உடனே துடைக்கணும். ஏற்கெனவே பண்ணின ஆளா பாத்துக் கொடுங்க. நிறம் வெள்ளை வேண்டாம், வெளிர் சாம்பல் எடுங்க. செங்கல் டிசைனும் எடுப்பாத் தெரியும்.

அஞ்சு: கூலியை முன்னாடியே பேசிடுங்க. 14 டைல்ஸ் ஒட்டுறதும் 160 டைல்ஸ் ஒட்டுறதும் ஒரே வேலை இல்ல. வெட்டு, உடைசலுக்கு 10 சதவீதம் சேர்த்து வாங்குங்க.

பட்ஜெட் இடிக்குதா? 12க்கு 18 டைல்ஸ்லயே சப்வே மாதிரி பள்ளம் விட்டு வருது. அந்தப் பொய் மூட்டுக்கு மேலயும் கிளேஸ் இருக்கும், கறை இறங்காது. நிஜ மூட்டு 33 அடிதான். கிட்டப் போய்ப் பாத்தாத்தான் கண்டுபிடிக்க முடியும். ஏரிக்கரை வீட்டுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

கடைசியா, வீடு முழுக்க ஒட்டாதீங்க. மேடைக்கு மேல, சிங்க்கைச் சுத்தி, அவ்வளவு போதும். வெளிச்சுவரோட உள்பக்கத்தைத் தரையில இருந்து கூரை வரைக்கும் டைல்ஸால மூடாதீங்க. மத்த சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிங்க, அது மூச்சு விடட்டும்.

ஆக, மேஸ்திரி பயப்படுறதுல நியாயம் இருக்கு. உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, ஒயிட் சிமெண்ட் அடைச்சா நிச்சயம் தாங்காது. தண்ணியையும் மூட்டையும் மாத்துங்க, தாங்கும். இந்த எபிசோடை அவருக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டிட்டு, உக்காந்து பேசிட்டு ஆரம்பிங்க. வேற சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.