வாளேந்திய நாயகியர்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்பெற்றுவரும் கூத்துகளுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் பொன்னர் சங்கர் போர்க்கதையாகும். கொங்கு நாட்டில் வழங்கிய அக்கதை, தோட்ட வேலைக்கு வந்தோரின் நினைவிலேறிக் கடல் கடந்து மலைநாட்டை அடைந்தது. அண்ணன்மார் இருவரும் களத்தில் மடிந்தபின், தங்கை தங்காள் படுகளம் தேடிச் சென்று, தெய்வ அருளால் அவர்களைச் சிறிது நேரமேனும் உயிர்த்தெழச் செய்கிறாள். வாளெடுத்தவர் அண்ணன்மார், வாளால் ஆகாததைச் செய்பவளோ தங்கை. ஆயினும் அவ்வேடத்தை ஆடவரே கட்டியாடுவது கூத்தின் மரபு. பகலெல்லாம் கொழுந்தெடுத்த பெண்கள் இரவில் பார்வையாளராய் அமர்ந்திருந்தனர்.

திரைப்படம் வந்தபின்னரே பெண்ணின் கையில் உண்மையாகவே படைக்கலம் ஏறியது. ஆஸ்திரேலியாவிற் பிறந்த நாடியா, 1935ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹண்டர்வாலி’ என்னும் இந்திப் படத்தில், சிறைப்பட்ட தந்தையை மீட்க முகமூடியணிந்து சவுக்கேந்தும் இளவரசியாகத் தோன்றினார். ஈராண்டுகளுக்குப் பின் ‘மின்னல் கொடி’ என்னும் தமிழ்ப் படத்தில் கே. டி. ருக்மணி கொள்ளைக்காரி வேடம் பூண்டார்.

எனினும், சண்டைக் காட்சிகளைவிட ஆழமாக மனத்தில் தைப்பது 1950ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’யே. குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி வசனம் தீட்டிய அப்படத்தில், அமுதவல்லியை அவள் கணவனே மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிகிறான். அவள் கதறவில்லை. சாகுமுன் அவனை மும்முறை வலம்வர அனுமதி வேண்டுகிறாள். வலம் வருகையிற் பின்னிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். பதிபக்தியின் சடங்கே அவளுக்குப் படைக்கலமாயிற்று! வாட்போரில் எம்.ஜி.ஆர். வென்ற படந்தான் அது. ஆனால் அதன் பெயர் அவளுடையது. (அவர் பிறந்ததும் இம்மலைநாட்டு நாவலப்பிட்டியே.)

இத்தகைய நாயகியர் பெரும்பாலும் தந்தைக்காகவோ கணவனுக்காகவோ படை எடுத்தவர்கள். காரியம் முடிந்ததும் வாளை உறையிலிட்டு மணமேடை ஏறுவர். வரலாறு அவ்வளவு எளிதில் வாளை உறையிலிடவில்லை. 1772இல் காளையார்கோவிலில் கணவனை இழந்த வேலுநாச்சியார், விருப்பாட்சியில் தங்கி, ஐதர் அலியின் துணை பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டபின் தாமே அரசாண்டார்.

மலைநாட்டிற்கோ வேறொரு நாயகி வாய்த்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், பாரதியின் பாடல்களையும் தாம் இயற்றியவற்றையும் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். அக்காலத்தில் துரைமாரின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தினுள் நுழைவது எளிதன்று. நூலெழுதும் வாய்ப்பில்லாதோர் நடுவே பாட்டுத்தான் விரைந்து பரவும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என அவருடைய பாடல்கள் நூலுருப் பெற்றன. அவர் பாடல் கேட்ட பெண்களுக்கு ஆண்களினும் குறைந்த நாட்கூலியே கொடுக்கப்பட்டுவந்தது. சம கூலி கிட்டியது 1984ஆம் ஆண்டிலேதான். அவர் கதையைத் தங்காளின் கதைபோல் இரவு முழுதும் ஆடிக்காட்ட இன்னும் எவரும் கூத்துக் கட்டவில்லை எனில், குறை கதையில் இல்லை.