டெண்டர் பெட்டிக்கு முன்னும் பின்னும்

"அண்ணா, தீர்மானம் போட்டாச்சுன்னு மெம்பர் சொல்லி ஆறு மாசம் ஆச்சு. ரோட்டைக் காணோமே?"

நாகரசம்பட்டிப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். "எல்லாம் டெண்டர்ல பேசி முடிச்சிருப்பாங்க" என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர் சொல்வார். அதோடு பேச்சு கட்சி அரசியலுக்குத் தாவிவிடும். கேட்ட தம்பிக்குப் பதில் கிடைத்திருக்காது. டீ ஆறுவதற்குள் சொல்லக்கூடிய விஷயம்தான், கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் போதும்.

நாகோஜனஹள்ளி, காவேரிப்பட்டணம் போன்ற பேரூராட்சிகளில் வேலை இரண்டு கை மாறுகிறது. ஒரு கை மன்றம்: வார்டு உறுப்பினர்களும், அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த தலைவரும். இன்னொரு கை செயல் அலுவலர். அவர் அரசு அனுப்பும் அலுவலர், பேரூராட்சிகள் இயக்ககத்துக்குக் கட்டுப்பட்டவர். மன்றம் முடிவெடுக்கும், செயல் அலுவலர் நிறைவேற்றுவார். 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் போய், 2023 ஏப்ரல் 13 முதல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகும் இந்த அமைப்பு மாறவில்லை.

ஆக, தீர்மானம் என்பது தொடக்கம்தான். அதற்குப் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்க்க வேண்டும். 2021 முதல் 2026 வரைக்குமான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் நம்மைப் போன்ற சிற்றூர்களுக்கு வருவதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப் போடப்பட்டது. அந்தப் பணத்தில் கால்வாய் கட்டலாம், குழாய் போடலாம். சாலை போட முடியாது. தெருவில் புதுக் கால்வாய் வந்து, அதை ஒட்டிய மண் சாலை அப்படியே கிடப்பதைப் பார்த்துக் கோபப்படுகிறோமே, பல இடங்களில் அதற்கு இதுதான் காரணம். சாலைக்கு வேறு திட்டம், வேறு நிதி, வேறு அனுமதி.

நிதி உறுதியான பிறகு நிர்வாக அனுமதி, எஸ்டிமேட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி, அப்புறம்தான் டெண்டர். எல்லாரும் டெண்டர் நாளையே பார்க்கிறார்கள். நான் எஸ்டிமேட்டைப் பார்க்கச் சொல்வேன். சாலை எத்தனை மீட்டர், என்ன அகலம், கான்கிரீட் எத்தனை சென்டிமீட்டர் கனம், அடியில் என்ன போட வேண்டும் என்பதெல்லாம் முடிவாவது அந்தத் தாளில். ஒரு பொறியாளரே பல பேரூராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பது சாதாரணம். அவர் அவசரத்தில் பழைய எஸ்டிமேட்டை எடுத்துத் தெருப் பெயரை மட்டும் மாற்றினால், தண்ணீர் தேங்கும் தெருவுக்கும் மேட்டுத் தெருவுக்கும் ஒரே சாலைதான் வரும். அதற்குப் பிறகு எவ்வளவு நேர்மையாக டெண்டர் விட்டாலும் அந்தத் தவறு திருந்தாது.

டெண்டருக்கு வருவோம். இதற்கென்று தனிச் சட்டம் முதலில் போட்ட மாநிலம் தமிழ்நாடு. 1998-இல் சட்டம், 2000-இல் விதிகள். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் அடுத்த ஆண்டே, 1999-இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான கொள்முதல் சட்டம் இன்றுவரை இல்லை. 2012-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா காலாவதியாகிப் போனது. நம் விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், அதற்கு மேலே போனால் 30 நாள். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். பேரம் பேசுவதாக இருந்தால் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும்தான். இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு "நீ அவனைவிடக் குறைச்சுக் கொடு" என்று சொல்லக் கூடாது.

இத்தனை கட்டு இருந்தும் ஓட்டை எங்கே? நிபந்தனையில். "இன்ன வேலை இத்தனை கோடிக்குச் செய்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், போட்டியில் பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள். 2020-இல் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் பாரத் நெட் டெண்டரை மத்திய அரசு ரத்து செய்து, நிபந்தனைகளைத் திருத்தி மறுபடி விடச் சொன்னது நினைவிருக்கலாம். போட்டியைச் சுருக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன என்பதுதான் புகார். அவ்வளவு பெரிய டெண்டரில் நடந்தது ஒரு தெருவிளக்கு டெண்டரிலும் நடக்கும். அங்கே கேட்க ஆள் வந்தார்கள், இங்கே வருவதில்லை.

ஒரே ஒருவர் மட்டும் டெண்டர் போட்டிருந்தால் உடனே சதி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். நம் மாவட்டத்து ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாகப் பெங்களூருப் பக்கம் போகின்றன. அங்கே விலை கூடினால் இங்கேயும் கூடும். எஸ்டிமேட்டோ அரசு விலைப் பட்டியலை வைத்துப் போட்டது. கட்டுப்படியாகாத வேலைக்கு கான்ட்ராக்டர் வர மாட்டார். அதேபோல, மதிப்பீட்டைவிட ரொம்பவும் குறைத்துக் கேட்டு எடுத்தவரைப் பார்த்தும் சந்தோஷப்பட முடியாது. அவருக்கு நஷ்டமில்லாமல் வேலை முடிய வேண்டுமானால் எங்கேயோ எதையோ குறைத்தாக வேண்டும். அதனால்தான் அப்படிப்பட்டவரிடம் கூடுதல் பிணைத்தொகை வாங்குகிறார்கள்.

கோடையில் போர் மோட்டார் எரிந்துவிட்டால் 15 நாள் காத்திருக்க முடியாது. விலைப்புள்ளி வாங்கி, தலைவரின் முன் அனுமதியோடு வேலையை முடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் வைப்பார்கள். அதில் தப்பில்லை, தண்ணீர் வர வேண்டும். ஆனால் ஆண்டு முழுக்க எல்லாமே அவசரமாகவே நடந்தால், ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சின்னச் சின்னத் தொகையாகக் காட்டினால், அப்போது உறுப்பினர் கை தூக்கிக் கேட்க வேண்டும்.

கேட்கிறார்களா என்பதுதான் என் மனதை வருத்தும் விஷயம். கூட்டப் பொருள் தாளை எடுத்துப் பாருங்கள். விவரம் இரண்டு பத்தி இருக்கும், கடைசியில் "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும். அதன் கீழே தீர்மானம் "அனுமதிக்கலாம்" என்று ஒரே சொல்லில் நிற்கும். அந்த ஒரு சொல்லுக்குள் சில லட்சங்கள் போய்விடும். 2016 அக்டோபர் முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லை. தனி அலுவலரே மன்றமாகவும் இருந்து கையெழுத்துப் போட்டார். 2022 பிப்ரவரி 19-இல் வாக்களித்து நாம் உள்ளே அனுப்பியவர்கள், அந்தத் தாளை முதல் நாளே படித்து ஒரு கேள்வியோடு வந்தால் எவ்வளவோ மாறும். உடன்பாடில்லை என்றால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். வெளியே வந்து டீக்கடையில் சொல்வது எந்தத் தணிக்கையிலும் ஏறாது.

வேலை முடிந்ததும் எம்-புக். அளவீட்டுப் புத்தகம் என்பார்கள். கான்ட்ராக்டருக்குப் பணம் போவது அதில் எழுதிய நீளம், அகலம், கனத்தை வைத்துத்தான். ஒரு கணக்குப் போடுவோம். 100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட் 52.5 கன மீட்டர். தரையில் போட்டது 12 சென்டிமீட்டர்தான் என்றால் 42 கன மீட்டர். புத்தகத்தில் 15 என்று எழுதிவிட்டால் போடாத 10.5 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போகும். 3 சென்டிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலம்கூட முழுதாக இல்லை. சாலை போட்டு முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. போடும்போது பலகை கட்டியிருப்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் பலகையின் உயரத்தை ஒரு டேப்பால் அளந்தால் தெரியும். தெருவில் நாலு பேர் நின்று அளந்தால் யாரும் தடுக்க முடியாது.

அளக்கத் தவறியிருந்தாலும் வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் தாள் நகல் வாங்குவதற்கு மட்டுமென்று பலர் நினைக்கிறார்கள். நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அந்தச் சட்டத்தின் 2(j) என்று குறிக்கப்படும் உட்பிரிவு உரிமை தருகிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் வர வேண்டிய காலம் 30 நாள். "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் பதில் வராது. இன்ன தெருவின் அனுமதிக்கப்பட்ட எஸ்டிமேட், பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பட்டுவாடா ஆன பில் ஆகியவற்றின் நகல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 30 நாளில் வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு இன்னொரு மனு. தாள்கள் கையில் கிடைத்த பிறகும் கணக்கு இடித்தால், உள்ளாட்சிப் புகார்களுக்கென்றே 2014 சட்டப்படி அமைந்த முறைமன்ற நடுவம் சென்னையில் இருக்கிறது. அங்கே அனுப்பும்போது எம்-புக் பக்கத்தின் நகலையும், தெருவில் அளந்த அளவையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.