டாபஸ் போட்ட மனு!

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில், கண்விழித்து நான் தயாரித்த ரிப்போர்ட்டில் மேனேஜர் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் தேலர் நேர் எதிர்!

ஓர் உணவு டப்பாவையும் கண்சிமிட்டும் விளக்கையும் தன் கம்ப்யூட்டர் மூளை 'டாபஸ்' தானே கண்டுபிடித்தது என்றார். பேடன்ட் மனுவில், 'கண்டுபிடித்தவர்: டாபஸ்'. உரிமை மட்டும் தனக்காம்!

2021-ல் தென்னாப்பிரிக்கா கொடுத்துவிட்டது. அங்கே படிவம் சரியா என்றுதான் பார்த்தார்கள். 2022-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டும், 2023-ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டும் 'மனுஷனா இருக்கணும்' என்று கதவைச் சாத்திவிட்டன.

சரி ஸார்... நாளைக்கு ஒரு மெஷின் நிஜமாகவே புது மருந்து கண்டுபிடித்தால்? உண்மையைச் சொன்னவருக்குப் பேடன்ட் கிடையாது. கமுக்கமாகத் தன் பெயரை எழுதியவருக்குக் கிடைத்தாலும் கிடைக்கும்!

என் பழைய மேனேஜர் தீர்க்கதரிசிதான்!