அப்பா சுமந்த பிள்ளை

எரிக் கார்ல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கண்டதையெல்லாம் தின்று வண்ணத்துப்பூச்சியாகும் அந்தப் பசிகொண்ட புழுதான். 2004இல் அவர் எழுதி வரைந்த ‘மிஸ்டர் சீஹார்ஸ்’ என்ற படப்புத்தகத்தையும் குழந்தைகளுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். சிறுவர்களுக்கான விலங்குக் கதைகளில் இரை ஊட்டுவதும் காவல் காப்பதும் அநேகமாக அம்மாதான். இதிலோ அப்பாக்கள்தான் பிள்ளை சுமக்கிறார்கள். இடையிடையே ஒளி ஊடுருவும் தாள்கள். அவற்றில் தீட்டிய பாசியைப் புரட்டினால் பின்னால் பதுங்கியிருக்கும் மீன் தெரியும்.

மீன்கள் பேசுவதை விட்டுவிட்டால், கதை பெரும்பாலும் உயிரியல்தான்.

பெண் கடல்குதிரை தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இடுகிறது. அவை கருவுறுவது அங்கேதான். அது வெறும் பையல்ல. உள்சுவரில் ரத்தநாளங்கள் பெருகிக் கருக்களுக்கு ஆக்சிஜன் தருகின்றன. குஞ்சுகள் கடலுக்குப் பழகும்படி உள்ளிருக்கும் நீரின் உப்பும் மெல்ல மாறுகிறது. இனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் கழித்துப் பேறுகாலம். ஆண் உடலை முன்னும் பின்னும் வளைத்து முக்கி, பையின் வாய் வழியே குஞ்சுகளைப் பீய்ச்சித் தள்ளும். சில இனங்களில் ஒரே ஈற்றில் ஆயிரத்துக்கும் மேல்! பிறந்ததும் அவை தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். புத்தகத்தின் முடிவில் பைக்குள் திரும்ப வரும் குட்டியை அப்பா ஏற்பதில்லை, அதுவும் சரியே.

ஏன் அப்பா? பாலூட்டிகளில் கருவும் பாலும் தாயின் உடலில். பெரும்பாலான மீன்களில் பெண் நீரில் முட்டையிட, ஆண் அதன்மேல் விந்தைப் பாய்ச்சுகிறது. முட்டையிட்ட கையோடு பெண் கிளம்பிவிடலாம். இடத்தைக் காத்து நிற்பது ஆண். அதனால்தான் குஞ்சு பேணும் மீன்களில் தந்தை பேணுவதே அதிகம். ஸ்டிக்கில்பேக் ஆண், தன் சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் பாசியை ஒட்டிக் கூடு கட்டி, துடுப்பால் முட்டைகளுக்கு விசிறுகிறது. வட ஆஸ்திரேலியாவின் குர்டஸ் ஆணுக்கு நெற்றியில் ஒரு கொக்கி. முட்டைக்கொத்து அதில் தொங்கும்.

வாயில் முட்டை வைத்திருக்கும் திலாப்பியா அப்பாவும் கதையில் வருகிறார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஓர் இனத்தில் அது உண்மை. ஆனால் 1952இல் இந்தியாவுக்கு வந்து நம் குளங்களை நிறைத்த ஜிலேபி கெண்டை என்ற திலாப்பியாவில் வாயில் அடைகாப்பது அம்மா. வாசித்துக்காட்டுபவர்கள் இதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நம் கரையோரத்தில் வாயில் அடைகாக்கும் அப்பா, கடல் கெளுத்தி. கோலிக்குண்டு அளவு முட்டைகளை ஆண் வாயில் வைத்துக்கொண்டு, குஞ்சு பொரியும்வரை இரை எடுக்காமல் கிடக்கும். கர்நாடகக் கடலில் இப்படி அடைகாத்த ஆண்கள் சுருக்குமடி வலைகளில் கூட்டங்கூட்டமாகச் சிக்கின. ஒவ்வொரு அப்பாவோடும் ஒரு ஈற்றே அழிந்தது. கெளுத்தி வளம் அங்கே சரிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தமிழில் சிறுவர்களுக்கு எழுதி வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கெளுத்தி அப்பாவுக்கும் ஒரு புத்தகம் செய்யுங்கள்.