ஈஸ்டர் கிழமையில் 24 கிலோமீற்றர்

ஸ்டொக்ஹோம் மரதன் மே கடைசியில், இல்லாவிட்டால் ஜூன் தொடக்கத்தில் வரும். அதற்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஈஸ்டர் கிழமை சரியாக நடுவில் வந்து குந்திக்கொள்ளும். நீண்ட ஓட்டங்கள் கூடிக்கொண்டு போகிற நேரம் அது. ஒஸ்லோவில் அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் பூட்டு. நோர்வேஜியர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளோடும் தோடம்பழத்தோடும் மலைவீடுகளுக்குப் போய்விடுவார்கள். எங்கட வீடுகளில் நடப்பது நேர்மாறு. லண்டனிலிருந்து சித்தப்பா குடும்பம், ஜேர்மனியிலிருந்து மச்சாள், ஹோலில் மெத்தை, குளியலறைக்கு வரிசை.

இந்த முறை வீட்டில் பதினொரு பேர். என் பயிற்சி அட்டவணையோ நாலு ஓட்டம் கேட்டது, அதில் ஒன்று 24 கிலோமீற்றர். "ஏன் தம்பி, நாய் ஏதும் துரத்துதே?" என்று சித்தப்பா முதல் நாளே கேட்டுவிட்டார். எல்லாச் சித்தப்பாமாரும் கேட்கிற கேள்விதான்.

24 கிலோமீற்றர் எனக்கு இரண்டரை மணித்தியாலம். வெளிக்கிடுவது, வந்து குளிப்பது, பிறகு கதிரையில் சாய்ந்து கிடப்பது எல்லாம் சேர்த்தால் நாலு. அந்த நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. பிள்ளைகள் இரண்டையும் விருந்தாட்களையும் அந்த நாலு மணித்தியாலமும் யாரோ பார்க்கவேண்டும். எங்கள் வீடுகளில் அந்த 'யாரோ' யார் என்று உங்களுக்குத் தெரியும். வேலைத்தளத்தில் யார் எப்போது லீவு என்று பொதுக் கலண்டரில் போடுகிறோம். ஆகவே விருந்தாட்கள் வருமுன்னமே குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். ஞாயிறு காலை என்னுடையது. திங்கள் காலை மனைவியுடையது. அவள் ஓடலாம், நித்திரை கொள்ளலாம், சும்மா இருக்கலாம், கேள்வி கிடையாது. மற்ற நாட்களில் வீடு எழும்ப முன்னம் 30 நிமிடம், அதுவும் இரண்டு முறைதான்.

அட்டவணையில் பாதியை வெட்டினால் உடம்பு கெட்டுவிடாதா? கெடாது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். கிழமைக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களின் நேரத்தை, வேகம் குறையாமல், 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் குறைத்துப் பார்த்தார். 15 கிழமை கழித்தும் உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் இரண்டு குழுவிலும் இறங்கவில்லை. ஆனால் 13 நிமிடக்காரர்களுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி சுமார் பத்து வீதம் குறைந்தது. எனவே ஒரு கிழமைக்கு நான் எடுத்த முடிவு: சின்ன ஓட்டங்களில் கைவைக்கலாம், வேகத்தை விடக்கூடாது, நீண்ட ஓட்டம் ஒன்றைக் காப்பாற்றவேண்டும்.

விடுமுறை என்றால் எனக்கு நினைவு வருவது பிஸ்லெட் விளையாட்டரங்குக்கு வெளியே சிலையாக நிற்கிற கிரேத்தா வைட்ஸ். ஒஸ்லோவில் பிறந்தவர், இங்கேயே ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1978இல் நியூயோர்க் மரதனுக்கு அழைப்பு வந்தபோது, 'ஒரு சுற்றுலா மாதிரிப் போய்வருவோம்' என்று கணவர்தான் சம்மதிக்க வைத்தார். அதற்கு முன் மரதன் ஓடியதேயில்லை. முந்தின இரவு இறாலும் இறைச்சியும் வைனும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டார். அடுத்த நாள் 2 மணி 32 நிமிடம் 30 செக்கனில் உலகச் சாதனை! கடைசி மைல்களில் பட்ட பாட்டுக்கு, முடித்ததும் சப்பாத்தைக் கழற்றிக் கணவர் மேல் எறிந்தாராம். பிறகு அதே போட்டியை இன்னும் எட்டு முறை வென்றார்.

எனக்கு அந்த வயிறு இல்லை. சனி இரவு அம்மா ஆட்டிறைச்சிக் கறி வைத்தா. நான் இடியப்பமும் சொதியும் எடுத்தேன். "மெலிஞ்சுபோய்க் கிடக்கிறாய், இறைச்சியைத் தொடுறாயில்லை" என்று அவவுக்குக் கவலை. இடியப்பத்தில் பதினாலைக் கணக்கெடுத்தபிறகு கொஞ்சம் ஆறுதல்.

ஞாயிறு ஓட்டத்தை வீட்டிலிருந்து பிரிக்காமல் வைக்க ஒரு வழி இருந்தது. நாங்கள் இருப்பது குறூருட் பக்கம். 5ஆம் இலக்க ரி-பானா எங்கள் நிலையத்தில் ஏறினால் மாறாமல் சொங்ஸ்வான் ஏரியில் கொண்டுபோய் விடும். நான் சுற்றிவளைத்து 14 கிலோமீற்றர் ஓடி அங்கே போனேன். மற்றவர்கள் பத்தரை ரயிலில் தேநீர்ப் போத்தலோடும் உளுந்து வடையோடும் வந்தார்கள். ஏரியைச் சுற்றினால் 3.3 கிலோமீற்றர். நிழல் பக்கம் இன்னும் ஐஸ், ஆணிச் சப்பாத்து இல்லாமல் கால் வைக்க ஏலாது. நான் மூன்று சுற்று ஓடினேன். வெயில் பக்கத்தில் பெடியள் கல்லெறிந்து ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சீனி. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2000களின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் நடந்த குடிவரவாளர் உடல்நல ஆய்வில் இலங்கையரிடமும் பாகிஸ்தானியரிடமும் நீரிழிவு மிக அதிகமாக இருந்தது. அப்பா இருபது வருஷம் இரவு வேலை செய்தவர், நடக்கச் சொன்னால் "நடந்தது காணும்" என்பார். அன்றைக்குக் குளிரில் சும்மா நிற்க முடியாமல் வெயில் பக்கமாக நடக்கத் தொடங்கினார். சித்தப்பாவும் கூடப் போனார். ஐஸ் தொடங்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள், இரண்டு கிலோமீற்றருக்குக் குறையாது. என்னுடைய கடைசிச் சுற்றில் அவர்களைத் தாண்டினபோது ஊரில் யாரோ வேலிச் சண்டை பிடித்த கதையில் இருந்தார்கள், என்னைக் கவனிக்கவில்லை.

பின்னேரம் அப்பா சீனி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கருவியை என்னிடம் நீட்டினார். வழக்கத்தைவிடக் குறைவு. "ஐஸ் எப்ப கரையும்?" என்று மட்டும் கேட்டார்.

திங்கள் காலை மனைவி ஒன்பதரை வரை நித்திரை கொண்டாள். நான் பதினொரு பேருக்குப் புட்டு அவித்தேன்.