ஆர்க்கிட்டில் எறும்பு ஊருதா? மருந்துக்கு முன்னாடி மொபைலை எடுங்க!

ஆசையாக வளர்த்த ஆர்க்கிட் பூக்காமலேயே மொட்டுகளை உதிர்க்கிறதா? பூந்தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறுகின்றனவா? உடனே கடைக்கு ஓடி, "பூச்சிக்கு ஏதாவது மருந்து கொடுங்க" என்று கேட்டுவிடாதீர்கள். என்ன பூச்சி என்று தெரியாமல் அடிக்கும் மருந்தால் காசும் வீண், செடியும் வீண். பால்கனியில் விளையாடும் குழந்தைக்கும் அது ஆபத்து.

எறும்பு என்ன சொல்லுது?

எறும்பு ஆர்க்கிட்டைத் தின்ன வரவில்லை. மாவுப்பூச்சி, அசுவினி, சில வகை செதில் பூச்சிகள் செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான திரவத்தைக் கழிவாக விடும். எறும்பு பெரும்பாலும் தேடி வருவது அதைத்தான். அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் அது விரட்டிவிடும். ஆகவே எறும்பைப் பார்த்தால், 'வேறு யாரோ இருக்கலாம்' என்று சந்தேகப்படுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மொபைல் கேமராவில் இலையின் அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடுக்கு, மொட்டு மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

• மாவுப்பூச்சி: இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். வேரிலும் ஒளிந்திருக்கும்.
• செதில் பூச்சி: பழுப்பு அல்லது வெள்ளை நிறப் புள்ளிகளாக அசையாமல் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும்.
• அசுவினி: இளம் மொட்டிலும் பூந்தண்டிலும் கூட்டமாக மொய்க்கும்.
• இலைப்பேன்: மெல்லிய கோடுபோல, சுமார் 1 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டினால் விழுந்து ஓடும். இதழ்களில் வெளிறிய அல்லது பழுப்புக் கோடுகள் தெரியும்.
• சிலந்திப்பேன்: இலையின் அடியில் வெள்ளிபோல் மங்கிய புள்ளிகளும் சில நேரம் மெல்லிய வலையும் தெரியும். இதற்கு எட்டுக் கால். இது பூச்சி இனமே இல்லை. அதனால் பல பூச்சிக்கொல்லிகள் இதைக் கொல்லாது. இதைத் தின்னும் நல்ல உயிரிகள் செத்துப்போய், தொல்லை கூடவும் செய்யும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

1. பாதித்த தொட்டியை மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.
2. மாவுப்பூச்சி, செதில் பூச்சி என்றால், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.
3. அசுவினி, சிலந்திப்பேனை இலையின் அடிப்பக்கம் வரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், அழுகிவிடும்.
4. இலைப்பேன் இருந்தால், பாதித்த பூ, மொட்டுகளை வெட்டி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.
5. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். முதலில் ஒரே ஓர் இலையில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.
6. முட்டைகள் தப்பிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை என மூன்று முறையாவது செய்யுங்கள்.

வேரில் மாவுப்பூச்சி இருந்தால் பழைய கரி, தேங்காய் மட்டையை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும் செடியை இரண்டு, மூன்று வாரம் தனியே வைப்பது நல்லது.

டப்பாவில் உள்ள நிறத்தைப் பாருங்க!

மருந்து வாங்கியே ஆக வேண்டுமா? லேபிளில் உள்ள நிறக் குறியைக் கவனியுங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை இருப்பதிலேயே குறைவு. ஆனால் பச்சையும் நஞ்சுதான்! லேபிள் இல்லாமல் பாட்டிலில் ஊற்றித் தரும் மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் உடனே 108-ஐ அழைத்து, அந்த டப்பாவையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

யாரைக் கேட்கலாம்?

கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் எடுத்த படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

இன்று சாயங்காலமே ஓர் இலையைத் திருப்பிப் பாருங்களேன்!